பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு ஜனாதிபதி

டென்மார்க் ரயில்களில் பேசக்கூடாத பெட்டி என்று ஒன்று உண்டு. கோப்பன்ஹேகனில் ஏறிய நான், அது தெரியாமல் அதில் போய் உட்கார்ந்து, அம்பத்தூரில் இருக்கும் என் அக்காவிடம் போனில் கத்திக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் மீனைச் சர்க்கரை போட்டு ஊறவைத்து அடுப்பில் காட்டாமலே சாப்பிடுகிறார்கள் என்பதுதான் செய்தி. அக்கா நம்பவில்லை. நான் குரலை உயர்த்தினேன். எதிரே இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் என்னைப் பார்த்தார், ஜன்னலில் ஒட்டியிருந்த, உதட்டில் விரல் வைத்த படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். இந்த நாட்டில் ஒருவர் இன்னொருவரைத் திட்டுவது இவ்வளவுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஏதோ பிரியமாகப் பார்க்கிறார் என்று நினைத்துச் சிரித்தும் வைத்தேன்.

பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல் மெதுவாக வந்தது. தமிழ்க் குரல்.

"தங்கச்சி, இது கதைக்கக்கூடாத பெட்டி. அது பரவாயில்லை. நீங்கள் ஓல்போர்க் போறன் எண்டு போனிலை சொன்னது கேட்டுது. இந்தப் பெட்டி அங்கை போகாது."

போனை வைத்தேன். விஷயம் இதுதான்: அந்த ரயிலைப் பாதி வழியில் கழற்றி இரண்டாக்குவார்களாம். முன்பாதி வடக்கே போகும், பின்பாதி மேற்குக் கடற்கரைக்குப் போகும். நான் பின்பாதியில் சௌகரியமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். நம் ஊரில் ரயில் தாமதமாக வரும், வராமலும் போகும், ஆனால் உட்கார்ந்திருக்கும்போதே இரண்டாகப் பிரிந்து துரோகம் செய்யாது.

"அப்போ நீங்க ஏன் இந்தப் பெட்டியில உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நித்திரை கொள்ளத்தான். இஞ்சை சத்தம் இராது. பிரிக்கிற இடத்திலை இறங்கி முன்னுக்குப் போயிடுவன்." கொஞ்சம் நிறுத்தி, "இண்டைக்குத்தான் நித்திரை வரேல்லை" என்றார்.

பிரிக்கிற நிலையத்தில் அவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைமேடையில் ஓட, நான் ஊறுகாய்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். எழுபது வயது மனிதர் அப்படி ஓடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெயர் ஜெயரட்ணம். யாழ்ப்பாணத்துக்காரர். ரண்டர்ஸ் என்ற ஊரில் குடியிருக்கிறார். பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முன்பாதியில் இடம் பிடித்து மூச்சு வாங்கியதும், என்ன வேலையாக வந்தேன் என்று விசாரித்தார்.

என் வேலையைச் சொன்னால் சொந்தக்காரர்களே நம்புவதில்லை. சென்னையில் ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய கையெழுத்துப் படிக்கிறேன். அமெரிக்காவின் ஆரம்பகாலத் தலைவர்கள் எழுதிய கடிதங்களின் படங்கள் கம்ப்யூட்டரில் வரும். அவற்றை எழுத்து எழுத்தாகப் படித்துத் தட்டச்சு செய்ய வேண்டும். நாட்டை உருவாக்கிய பெரியவர்கள் ஆயிற்றே, சுதந்திரம் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள் என்று நினைத்துச் சேர்ந்தேன். ஆடு, விதை, பல்வலி, மூக்குக்கண்ணாடி சரியில்லை, மருமகன் சரியில்லை, இவைதான் முக்கால்வாசி. ஓல்போர்க்கில் உள்ள ஒரு சிறிய ஆவணக் காப்பகத்தில் அப்படிச் சில கடிதங்கள் இருக்கின்றன. எழுதிய தாளைத் திருப்பிக் குறுக்கேயும் எழுதியிருக்கும் சிக்கனக் கடிதங்கள். படத்தில் படிக்க முடியவில்லை என்பதால், நேரில் பார்த்துப் படிக்க என்னை அனுப்பியிருந்தார்கள்.

இதைக் கேட்டதும் ஜெயரட்ணம் அண்ணன் காப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்கடை வீட்டிலை ஒண்டு இருக்கு" என்றார்.

இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். என் மாமா ஒருவர் வீட்டில் ஏதோ ஒரு ராஜாவின் வாள் இருக்கிறது, தேங்காய் உரிக்கக்கூட ஆகாது. மரியாதைக்குத் தலையாட்டினேன். அவர் விடவில்லை. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்கப் பாதிரியாருக்கு அவருடைய மூதாதை ஒருவர் தமிழ் சொல்லிக் கொடுத்தாராம். பாதிரியாருக்குச் செடி கொடியில் பைத்தியம். அமெரிக்காவில் பதவியை விட்டுவிட்டுத் தோட்டம் போட்டுக்கொண்டிருந்த முன்னாள் ஜனாதிபதி ஒருவர் அவருக்குக் கடிதம் எழுதினாராம். பனங்கொட்டை அனுப்பச் சொல்லி.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பனங்கொட்டைக் கடிதம் எனக்குத் தெரியும். அலுவலகத்தில் சேர்ந்த புதிதில் நானே தட்டச்சு செய்த கடிதம். அமெரிக்காவில் ஒரு நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். "ஓம், அமெரிக்காவிலை இருக்கு. என்ரை மச்சான் இன்ரநெற்றிலை கண்டுபிடிச்சு பிரிண்ட் எடுத்து சட்டைப் பொக்கற்றிலையே வைச்சுக்கொண்டு திரியிறான். ஒரிஜினல் அங்கை இருந்தா உன்ரை என்ன எண்டு சேர்ச் சபையிலை எல்லாருக்கும் முன்னாலை கேக்கிறான். முந்தி ஊரிலை என்ரை கலியாண வீட்டிலை அப்பா இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச எழும்பினவர். மச்சான் சிரிச்சான். அதைப் பாத்து மற்றவையும் சிரிச்சவை. அப்பா மிச்சத்தைப் பேசாமல் இருந்திட்டார்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு முடித்தார். "அவன் ஒருக்கா ஓம் எண்டு சொல்ல வேணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

ரண்டர்ஸில் இறங்கும்போது, "ஓல்போர்க் வருமட்டும் எழும்பாதேங்கோ" என்று கையைக் காட்டி எச்சரித்துவிட்டுப் போனார். நானும் பயத்தில் கழிவறைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஜனாதிபதியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அமெரிக்காவிலிருந்து ஆள் வந்து கடிதத்தைக் கேட்பார்கள் என்று ஜெயரட்ணம் அண்ணனுக்குப் பயம். அதனால் இங்கே அவர் வெறும் ஜனாதிபதி.

ஓல்போர்க் காப்பகத்தின் பொறுப்பாளர் கிர்ஸ்டன் என்ற அம்மாள். நல்ல உயரம், நரைத்த கிராப், குரல் எப்போதும் ஒரே அளவு. போனதும் என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு பென்சில் கொடுத்தார். தண்ணீர் பாட்டிலையும் வாங்கி வெளியே வைத்தார். கையைக் கழுவித் துடைத்துக் காட்டச் சொன்னார். பந்தியில் உட்காரும் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அதன் பிறகுதான் முதல் கடிதத்தை என் முன்னால் வைத்தார். இத்தனை வருஷம் கண்ணாடித் திரையில் பார்த்த கையெழுத்தை அன்றுதான் தாளில் பார்த்தேன். மை அழுத்தமான இடத்தில் தாள் லேசாகக் குழிந்திருந்தது. பென்சிலை வைத்துவிட்டு அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். கடிதத்தில் இருந்ததோ, வேலைக்காரன் முட்டைகளை எண்ணாமல் வாங்கி வைத்துவிட்டான் என்ற புகார்.

மதியம் அவர்கள் சாப்பிடுவது கறுப்பு ரொட்டி. அதன்மேல் ஈரல் விழுது, அதன்மேல் வெள்ளரிக்காய், அதன்மேல் இன்னும் ஏதேதோ அடுக்கி, மூடாமல் வைப்பார்கள். கத்தியும் முள்கரண்டியும் வைத்துச் சாப்பிட வேண்டும். நான் இரண்டு துண்டை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றைக் கவிழ்த்துக் கையில் பிடித்துக் கடித்தேன். மேஜையில் இருந்த மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் இன்னொருவரிடம் டேனிஷில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கிர்ஸ்டனிடம் கேட்டேன். "பசிக்கிறது போலிருக்கிறது என்றார்" என்று மொழிபெயர்த்தார். முழுவதும் மொழிபெயர்க்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

சாயங்காலம் நடக்கப் போனால் சைக்கிள்காரர்கள் மணியடித்தே உயிரை எடுத்தார்கள். நடைபாதை என்று நான் நம்பி நின்ற இடமெல்லாம் சைக்கிள் பாதை. சென்னையில் லாரி ஹாரனுக்கே திரும்பிப் பார்க்காதவள், இங்கே ஒரு சின்ன மணிச் சத்தத்துக்குத் துள்ளிக் குதித்தேன்.

மறுநாள் கிர்ஸ்டன் தானாகவே பேச்சை எடுத்தார். ஓல்போர்க்குக்குத் தெற்கே குன்றுகள் இருக்கின்றன. ஜூலை மாதம் அமெரிக்காவின் சுதந்திர தினத்தை டேனிஷ்காரர்கள் அங்கே கூடிக் கொடி பிடித்துக் கொண்டாடுகிறார்கள். கப்பலேறி அமெரிக்கா போன உறவுக்காரர்கள் ஆரம்பித்து வைத்த வழக்கம். அதையொட்டிக் காப்பகத்தில் பழைய அமெரிக்கக் கடிதங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டுவார்கள்.

"ரண்டர்ஸில் ஒருவர் இருக்கிறார். தன்னிடமும் ஒரு ஜனாதிபதி கடிதம் இருக்கிறது, காட்சிக்கு வைக்க வேண்டும் என்று பல தடவை போன் செய்துவிட்டார். நாளை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அச்சடித்த நகலாகத்தான் இருக்கும். அப்படி நிறைய வருகிறது."

"அவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்" என்றேன். கிர்ஸ்டனுக்குப் புரியவில்லை, ஆனால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

ரண்டர்ஸ் வீட்டில் வாசலிலேயே இடியப்ப வாசனை அடித்தது. ஜெயரட்ணம் அண்ணன் கோட் போட்டு டை கட்டியிருந்தார். அவர் மனைவி புஷ்பம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்கோ, வாங்கோ, ஊறுகாய் உடையாமல் வந்ததோ" என்றார். ரயில் கதை முழுவதும் போய்ச் சேர்ந்திருந்தது. நாற்காலியில் ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. யாரும் அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. புஷ்பம் அக்காவின் அண்ணன் டானியேல், ஊரில் கணக்கு வாத்தியார், இங்கே ஆஸ்பத்திரி சலவைப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர், சபையில் எல்லாருக்கும் டானியேல் மாஸ்டர்.

"நீங்கள்தான் இந்தியாவிலை இருந்து வந்த நிபுணரோ?" என்றார்.

"படிக்கிறவ, அவ்வளவுதான் சார்."

"நல்லது. படிச்சுச் சொல்லுங்கோ, ஒரிஜினலோ கொப்பியோ எண்டு."

முதலில் சாப்பாடு. சொதியும் கணவாய்க் கறியும். கிர்ஸ்டன் இடியப்பத்தைக் கத்தியால் சதுரம் சதுரமாக வெட்டிச் சாப்பிட்டார். நான் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ரொட்டிக்குக் கணக்குச் சரியாகிவிட்டது.

சாப்பிடும்போதுதான் சுவரைக் கவனித்தேன். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள், டேனிஷ் குடியுரிமைக் கடிதம், ஞானஸ்நானச் சான்றிதழ், தொழிற்சாலையில் கொடுத்த பாராட்டு, எல்லாம் லாமினேட் செய்து மாட்டியிருந்தன. அடுப்படிக் கதவில் கேக் செய்முறைகூட லாமினேட். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு ஒன்று, அதுவும். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பை அடக்கத் தண்ணீரைக் குடித்தேன். அந்தச் சிரிப்பு அதிக நேரம் நிலைக்கவில்லை.

சாப்பாடு முடிந்து மேஜையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்தார்கள். ஜெயரட்ணம் அண்ணன் உள்ளே போய் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து வைத்தார். பளபளவென்று இருந்தது. நான்கு மூலையையும் அழகாக வளைத்து வெட்டியிருந்தார்கள். கையெழுத்துக்கு மேலே ஒரு சின்னக் காற்றுக் குமிழி.

கிர்ஸ்டன் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்திருந்தார். அந்தக் கையை அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எப்போது செய்தீர்கள்?" என்றார் டேனிஷில். ஜெயரட்ணம் அண்ணன் எனக்காக மொழிபெயர்த்து, அதே மூச்சில் பெருமையாகப் பதிலும் சொன்னார். "போன மாசம். நீங்கள் வந்து பாக்கிறன் எண்டு சொன்ன அடுத்த நாளே. அதுவரைக்கும் வேதப்புத்தகத்துக்குள்ளை சும்மா கிடந்தது. எத்தினை பேர் தொடுவினமோ தெரியாது, கை அழுக்குப் படக்கூடாது எண்டு ஸ்டேசனடிக் கடையிலை குடுத்துச் செய்விச்சனான். நல்ல தடிச்ச பிளாஸ்டிக்தான் போடச் சொன்னனான்."

நான் வாய் திறக்காமல், போலியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நகலாக இருந்தால் எந்த நஷ்டமும் இல்லை. காப்பி குடித்துவிட்டுப் போய்விடலாம். அந்த ஆசையோடுதான் குனிந்து படித்தேன்.

முதல் வரியிலேயே ஆசை போய்விட்டது. அந்தக் கிழவரின் கையை எனக்கு என் வீட்டு மளிகைச் சீட்டைப் போலத் தெரியும். வரி வலது பக்கம் போகப் போகக் கீழே சரியும். மணிக்கட்டு வலி. வரி முடியும் இடத்தில் சொல் கொள்ளாவிட்டால் நெருக்கி எழுத மாட்டார், உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார். கையொப்பத்துக்கு முன்னால் வீண் இடம் விடுவார். எல்லாம் இருந்தது.

"டானியேல் சார், உங்க பேப்பரைக் கொடுங்க" என்றேன்.

அவர் இத்தனை வருஷம் சுமந்த தாளை மடிப்புப் பிரித்து நீட்டினார். அமெரிக்க நூலகத்துக் கடிதத்தின் படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வார்த்தைகள் ஒன்றுதான். பனை எத்தனை வருஷத்தில் காய்க்கும், உறைபனி தாங்குமா, கொட்டையை மணலில் வைத்து அனுப்பலாமா என்று அதே கேள்விகள். ஆனால் அமெரிக்கத் தாளில் 'மணல்' இரண்டாம் வரியின் கடைசியில் இருந்தது. ரண்டர்ஸ் தாளில் அது மூன்றாம் வரிக்கு இறங்கியிருந்தது. இதில் 'காய்' என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டுக் 'கொட்டை' என்று எழுதியிருந்தார். அதில் அடித்தல் இல்லை.

"இது அச்சடிச்ச நகலா இருந்தா வரிக்கு வரி அப்படியே இருக்கணும் சார். இது அதே மனுஷன் இன்னொரு தடவை உட்கார்ந்து எழுதினது."

"ஆரும் பாத்து எழுதியிருக்கலாம்."

"ஏமாத்தணும்னு எழுதுறவன் அடித்தல் போட மாட்டான். இந்த மணிக்கட்டு வலியும் அவனுக்கு வராது."

"ஒரு கடிதத்தை ஏன் ஒருத்தர் ரெண்டு தரம் எழுதோணும்? அந்தாளுக்கு வேறை வேலை இல்லையோ?"

இதற்காகவே காத்திருந்தவள் போலச் சொன்னேன். அந்தக் காலத்தில் கடல் தாண்டிப் போகும் கடிதத்தை ஒரு தடவையோடு விட மாட்டார்கள். கப்பல் மூழ்கும், கொள்ளைக்காரன் பிடிப்பான், திசை மாறிப் போகும். அதனால் அதே கடிதத்தை இரண்டு தடவை, சில சமயம் மூன்று தடவை எழுதி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கப்பலில் ஏற்றுவார்கள். எது போய்ச் சேருகிறதோ அது கடிதம். இரண்டும் சேர்ந்துவிட்டால் இரண்டும் கடிதம். பாதிரியாருக்கு முதலாவது வந்து, அது அவருடைய காகிதங்களோடு அமெரிக்கா திரும்பிப் போயிருக்கும். பின்னால் வந்ததைத் தமிழ் சொல்லிக் கொடுத்தவருக்குக் கொடுத்திருப்பார். இது என் ஊகம்தான். ஆனால் கையெழுத்து ஊகம் இல்லை.

டானியேல் மாஸ்டர் தன் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். "ம்" என்றார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. ஜெயரட்ணம் அண்ணன் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த இடத்தில் கிர்ஸ்டன் என் காதில் ஆங்கிலத்தில் சொன்னார்: "உண்மையானது என்று நீங்கள் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை." பிறகு ஜெயரட்ணம் அண்ணனிடம் டேனிஷில் நிதானமாக விளக்கினார். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக் காகிதத்தோடு சேர்ந்துவிடும். காலப்போக்கில் மஞ்சளாகி உள்ளேயே மையைக் கெடுக்கும். பிரிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பிரிக்கும்போது எழுத்தும் பிளாஸ்டிக்கோடு வந்துவிடக்கூடும். புஷ்பம் அக்கா எனக்கு வரிக்கு வரி தமிழில் சொன்னார். கடைசி வரியைச் சொல்லும்போது கணவரைப் பார்க்காமல் சொன்னார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இரண்டு கடல், இருநூறு வருஷத்துக்குப் பக்கம், ஒரு யுத்தம், எல்லாவற்றையும் தாண்டி வந்த தாள் ரயில் நிலையத்துக் கடையில் வெந்துபோயிருக்கிறது. "அண்ணே, இதைப் போய் யாராவது லாமினேட் பண்ணுவாங்களா?" என்று கேட்டுவிட்டேன். விருந்துக்கு வந்த வீட்டில் கேட்கக்கூடாத தொனியில்.

அவர் உட்கார்ந்தார். டையைத் தளர்த்தினார்.

"ஊரை விட்டு வெளிக்கிடேக்கை அப்பா ரெண்டு பேப்பர் தந்தவர். ஒண்டு என்ரை பிறப்புச் சான்றிதழ். மற்றது இது. அமெரிக்காவுக்குப் போ, இதைக் காட்டினா அவை கதவைத் திறப்பினம் எண்டார். அமெரிக்காவுக்கு எண்டு வெளிக்கிட்டு இஞ்சை வந்து நிண்டிட்டன். வள்ளத்திலை வரேக்கை தண்ணி ஏறினது. இது வேதப்புத்தகத்துக்கு உள்ளை இருந்தது, மூலை மட்டும் நனைஞ்சது. பாருங்கோ, கறை. பிறப்புச் சான்றிதழ் வெளியிலை இருந்தது. கூழாய்ப் போச்சு."

கிர்ஸ்டனுக்கும் புரியட்டும் என்று டேனிஷில் அதையே திரும்பச் சொல்லிவிட்டு, மறுபடி தமிழுக்கு வந்தார்.

"இஞ்சை பொலிசிலை எப்ப பிறந்தனீ எண்டு கேட்டவை. சொன்னன். பேப்பர் எங்கை எண்டு கேட்டவை. கூழைக் காட்டினன். அவை ஜனவரி முதலாம் திகதி எண்டு போட்டுட்டினம். நான் பிறந்தது ஆடி மாசம், தங்கச்சி. அம்மா சொல்லுவா, நல்ல காத்து எண்டு. இண்டைவரைக்கும் இந்த நாட்டிலை நான் ஜனவரி முதலாம் திகதிதான். அதுக்குப் பிறகு இந்த வீட்டுக்குள்ளை வந்த ஒரு பேப்பரையும் நான் சும்மா விடேல்லை."

டானியேல் மாஸ்டர் காலை இறக்கி வைத்தார். எனக்கு என் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. வெட்கமாக இருந்தது.

கிர்ஸ்டன் எழுந்து போய் அந்தச் சுவரை ஒன்று விடாமல் படித்தார். மருந்துச் சீட்டையும். திரும்பி வந்து, "காட்சிக்கு எடுத்துக்கொள்கிறேன். இப்படியே. பிரிக்க முயற்சி செய்ய வேண்டாம். நீங்கள் இப்போது சொன்னதைப் பக்கத்தில் எழுதி வைக்க அனுமதி வேண்டும்" என்றார். இவ்வளவு நேரமும் ஒரே அளவில் இருந்த குரல் கடைசியில் கொஞ்சம் இறங்கியது. பிறகு, தொழில்காரர் அல்லவா, என்னிடம் திரும்பி, கையெழுத்துப் பற்றி நான் சொன்னதை எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொன்னார். அமெரிக்க நூலகத்துக்கும் எழுதிக் கேட்கப்போகிறாராம்.

"தங்கச்சி, எனக்கும் ஒண்டு எழுதித் தாங்கோ" என்றார் ஜெயரட்ணம் அண்ணன். "மெசின் கொப்பி வேண்டாம். உங்கடை கையாலை."

அந்த மேஜையில் உட்கார்ந்து இரண்டு தடவை எழுதினேன். ஒரு தடவை தமிழில் 'பனங்கொட்டை' என்று ஆரம்பித்துவிட்டு, அடித்து, ஆங்கிலத்தில் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திரும்பும் வழியில் ரண்டர்ஸில் இறங்கினேன். பெட்டியோடு சரியான பாதியில் உட்கார்ந்து வந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். டேனிஷ் தேவாலயத்தில் மதியத்துக்குப் பிறகு தமிழ்ச் சபை கூடுகிறது. ஆராதனை முடிந்து தேநீர். யாருக்கோ பிறந்தநாள். இந்த ஊர் வழக்கப்படி கேக்கில் சின்னச் சின்ன டேனிஷ் கொடிகள் குத்தியிருந்தன. ஜெயரட்ணம் அண்ணன் கோட்டுக்குள்ளிருந்து எதையோ எடுத்தார். என் கடிதம். லாமினேட் செய்திருந்தார். மூலைகள் வளைந்து, அடித்தல் பளபளவென்று, ஜனாதிபதிக்குச் சமமாக இருந்தேன்.

எல்லாரும் கைமாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் டானியேல் மாஸ்டரிடம் வந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"ஓல்போர்க்கிலை ஒண்டு இருக்கெல்லே. இது ஒரிஜினலோ?"

"ரெண்டும் தங்கச்சி தன்ரை கையாலை எழுதினது" என்றார் ஜெயரட்ணம் அண்ணன்.

"அப்ப ஆர் கேட்டாலும் ரெண்டும் ஒரிஜினல்தான்" என்றார் மாஸ்டர்.

"ஓம்."

மாஸ்டர் அதை மேஜையில் வைத்தார். தேநீர்க் கோப்பையை எடுத்தார், குடிக்கவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். ஜெயரட்ணம் அண்ணன் கேக் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். எனக்கு ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நகர முடியவில்லை.

"மச்சான்" என்றார் டானியேல் மாஸ்டர். குரலில் வாத்தியார் இல்லை. "அந்தக் கிழவனுக்குப் பனங்கொட்டை போய்ச் சேர்ந்துதோ?"

ஜெயரட்ணம் அண்ணன் என்னைப் பார்த்தார். பதில் கடிதம் எதுவும் நான் படித்ததில்லை. தெரியாது என்று தலையாட்டினேன். அவர் தட்டிலிருந்து பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து மச்சானின் தட்டில் வைத்தார். அதில் குத்தியிருந்த கொடி சாய்ந்தது. அதை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்:

"ரெண்டு தரம் எழுதிக் கேட்டிருக்கிறார், மச்சான். எங்கடை ஆக்கள் குடுக்காமல் விட்டிருப்பினமோ?"